பேசத் தெரியாத நோயாளிகள்: மூளைக்குள் காற்றைச் செலுத்திக் கட்டியைத் தேடிய வோல்ட்டர் டான்டி

1937ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அமெரிக்காவின் செசப்பீக் விரிகுடாவில், மேரிலாண்ட் மாநில ஆளுநரோடு படகில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்த ஒரு வைத்தியரை அரசாங்கத்தின் உதவியோடு தேடிக் கண்டுபிடித்தார்கள். நாட்டின் மறுகரையில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஜோர்ஜ் கேர்ஷ்வின் மயக்கத்தில் வீழ்ந்திருந்தார். வைத்தியரைக் கரைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து நியூவார்க் விமான நிலையம் வரை அனுப்பிவைத்தார்கள். ஆனால் நோயாளியின் நிலை காத்திருக்க இடம்தரவில்லை. அங்கிருந்த சத்திரசிகிச்சை நிபுணர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். தொலைபேசியில் ஆலோசனை சொல்வதைத் தவிர அவரால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. மறுநாள் காலை கேர்ஷ்வின் இறந்துபோனார். அவருக்கு வயது 38.

கேர்ஷ்வினின் மூளைக்குள் இருந்தது ஒரு கட்டி. பல மாதங்களாக அவர் கடும் தலைவலியால் அவதிப்பட்டார். எரியும் றப்பர் மணம் மூக்கில் வருகிறது என்று சொன்னார். சில வாரங்களுக்கு முன்னர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டும் இருந்தார். எல்லாம் மனதின் கோளாறு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

உலகமே அறிந்த, தன் வேதனையைத் தெளிவாக எடுத்துச் சொல்லக்கூடிய ஒரு மனிதரின் மூளைக்கட்டியே இப்படித் தவறவிடப்பட்டது என்றால், தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத ஆறு மாதக் குழந்தையின் நிலை என்ன? படகில் இருந்து அழைத்துவரப்பட்ட அந்த வைத்தியர் தன் தொழில் வாழ்க்கையைத் தொடங்கியதே இந்தக் கேள்வியோடுதான். அவர் பெயர் வோல்ட்டர் டான்டி.

புகையிரதச் சாரதியின் மகன்

வோல்ட்டர் எட்வர்ட் டான்டி 1886ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் திகதி மிசூரி மாநிலத்தின் செடாலியா என்ற சிறு நகரில் பிறந்தார். தந்தை ஜோன் டான்டி இங்கிலாந்தில் இருந்து குடியேறிய புகையிரதச் சாரதி. தாய் றேச்சல் அயர்லாந்துக்காரர். அவர்களுக்கு அவர் ஒரே பிள்ளை. செடாலியா அன்று புகையிரதப் பாதைகளைச் சுற்றி வளர்ந்துகொண்டிருந்த ஊர். வசதி பெரிதாக இல்லாத வீடு. ஆனால் பையன் பாடசாலையில் முதல் மாணவனாகத் தேறினான். மிசூரிப் பல்கலைக்கழகத்தில் 1907இல் பட்டம் பெற்றதும், அந்தக் காலத்தில் அமெரிக்காவின் மிகச் சிறந்த மருத்துவக் கல்லூரியாகக் கருதப்பட்ட பால்டிமோர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தார்.

மாணவனாக இருக்கும்போதே 2 மில்லிமீற்றர் அளவேயான ஒரு மனிதக் கருவை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். கண்ணுக்குத் தெரியாததைப் பொறுமையாகத் துருவித் துருவிப் பார்க்கும் பழக்கம் அவரிடம் அப்போதே இருந்தது. 1910இல் வைத்தியரானார்.

அந்த வைத்தியசாலையில்தான் ஹார்வே குஷிங் பணியாற்றினார். மூளைச் சத்திரசிகிச்சையைத் தனியொரு துறையாக உருவாக்கியவர் என்று இன்றும் போற்றப்படுபவர் குஷிங். அவருடைய ஆய்வுகூடத்தில் ஓர் ஆண்டும், விடுதியில் ஓர் ஆண்டும் டான்டி உதவியாளராக வேலை செய்தார். இருவரும் கெட்டிக்காரர்கள். இருவருக்கும் முன்கோபம். ஓர் ஆய்வு முடிவு தொடர்பாகக் குருவின் கருத்தை இளைஞர் மறுத்துப் பேச, மனஸ்தாபம் தொடங்கியது. அது கடைசிவரை ஆறவில்லை.

1912இல் குஷிங் பொஸ்டனுக்குப் புறப்பட்டார். தன்னையும் அழைத்துச் செல்வார் என்று டான்டி நம்பியிருந்தார். கடைசி நேரத்தில் அவருக்கு இடமில்லை என்று தெரிந்தது. பால்டிமோரிலும் அவர் போய்விடுவார் என்று எண்ணி வேறு ஏற்பாடுகள் செய்திருந்தார்கள். 26 வயது இளைஞர் இரண்டு பக்கமும் இல்லாமல் நின்றார். வைத்தியசாலை நிர்வாகி தங்குவதற்கு ஓர் இடம் கொடுத்தார். உத்தியோகபூர்வப் பதவியொன்றும் இல்லாத அந்த இடைவெளியில்தான் டான்டி தன் வாழ்வின் முக்கியமான வேலையைத் தொடங்கினார்.

பெருத்த தலைகளுக்குள் என்ன இருந்தது

அந்தக் காலத்துச் சிறுவர் விடுதிகளில் ஒரு காட்சி சாதாரணம். உடல் மெலிந்து, தலை மட்டும் பூதாகரமாக வீங்கி, நெற்றியில் நரம்புகள் புடைத்து, கண்ணின் கருமணிகள் கீழிமைக்குள் இறங்கிய நிலையில் கிடக்கும் குழந்தைகள். நீர்த்தலை நோய் என்று பெயர் எழுதிவைப்பார்கள். அதற்குமேல் செய்ய எதுவுமில்லை. ஏன் நீர் சேர்கிறது, எங்கே உற்பத்தியாகிறது, எங்கே போய்ச் சேர வேண்டியது, எந்த இடத்தில் தடைப்பட்டது என்பவற்றுக்குத் தெளிவான பதில் இருக்கவில்லை.

ஜோன்ஸ் ஹொப்கின்ஸின் குழந்தை வைத்தியரான கெனத் பிளாக்ஃபானும் டான்டியும் சேர்ந்து இதற்கு விடை தேடினார்கள். மூளையின் நடுவே ஒன்றோடொன்று தொடர்புபட்ட நான்கு அறைகள் இருக்கின்றன. மூளைய முண்ணாண் பாய்பொருள் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் தெளிந்த நீர் அவற்றில் நிறைந்திருக்கிறது. மூன்றாவது அறைக்கும் நான்காவது அறைக்கும் இடையில் உள்ள வழி மிக ஒடுங்கிய ஒரு கால்வாய். டான்டி நாய்களில் அந்தக் கால்வாயைப் பஞ்சினால் அடைத்துப் பார்த்தார். அடைப்புக்கு மேலே இருந்த அறைகள் நீரால் வீங்கின. நீர் அறைகளுக்குள்ளேதான் உற்பத்தியாகிறது, வெளியேற வழியில்லாவிட்டால் தேங்குகிறது என்பது கண்முன்னே நிரூபணமானது.

அடுத்து, குழந்தைகளின் மூளையறைக்குள் தீங்கற்ற ஒரு சாயத்தைச் செலுத்தி, சிறிது நேரத்தின் பின் முதுகுத்தண்டில் இருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். சாயம் கீழே வந்திருந்தால் வழி திறந்திருக்கிறது. வராவிட்டால் மூளைக்குள் எங்கோ அடைப்பு. 1913இலும் 1914இலும் வெளியான இந்த ஆய்வுகள் நீர்த்தலை நோய் பற்றிய அறிவையே மாற்றிவிட்டன. 1914ஆம் ஆண்டுக் கட்டுரையில் 13 மாதக் குழந்தை ஒன்றின் மூளையில் காணப்பட்ட பிறவிக் குறைபாடு விபரிக்கப்பட்டிருந்தது. அது இன்று டான்டி-வோக்கர் குறைபாடு என்று அழைக்கப்படுகிறது.

இந்த ஆய்வின் உண்மையான பெறுமதி வேறோர் இடத்தில் இருந்தது. பெருத்த தலை ஒரு நோயின் பெயராக இருப்பதை விட்டு, ஒரு கேள்வியாக மாறியது. அடைப்பு இருக்கிறது. சரி, அடைத்துக்கொண்டிருப்பது எது? பிறவியிலேயே ஒடுங்கிய வழியா? கிருமித்தொற்று விட்டுச்சென்ற தழும்பா? அல்லது வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு கட்டியா?

குழந்தையின் தலை மறைக்கும் விடயம்

பெரியவர்களின் மண்டையோடு மூடிய பெட்டி. உள்ளே ஒரு கட்டி வளர்ந்தால் அமுக்கம் உடனே கூடும். தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் எல்லாம் வரும். நோயாளி வாயால் சொல்வார். எந்தக் கை பலவீனம், எந்தக் கண் தெரியவில்லை என்பதை வைத்துக் கட்டி எங்கே இருக்கும் என்று வைத்தியர் கணக்குப் போடலாம். இந்தக் கலையில் குஷிங் மகா நிபுணர்.

சிசுவின் மண்டையோடு அப்படியல்ல. எலும்புகள் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. உச்சிக்குழி திறந்திருக்கிறது. உள்ளே அமுக்கம் கூடும்போது எலும்புகள் விலகி இடம் கொடுக்கின்றன. அதனால் கட்டி பெரிதாகும்வரை குழந்தை ஓரளவு சாதாரணமாகவே தெரியலாம். இயற்கை பிரசவத்துக்காகவும் மூளை வளர்ச்சிக்காகவும் செய்து வைத்த ஏற்பாடு, கட்டி இருக்கும்போது அதை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடுகிறது. எழுந்து நடக்காத பிள்ளையிடம் நடை தள்ளாடுகிறதா என்று பார்க்க முடியாது. பேசாத பிள்ளையிடம் பேச்சுக் குழறுகிறதா என்று கேட்க முடியாது. வாந்தியை வயிற்றுக் கோளாறு என்பார்கள். சிணுங்கலைப் பல் முளைக்கிறது என்பார்கள்.

கதிர்ப்படமும் உதவவில்லை. 1895இல் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டு இருபது ஆண்டுகள் கடந்திருந்தன. ஆனால் அது எலும்பைத்தான் காட்டியது. மூளையும் அதன் நீரும் கட்டியும் படத்தில் ஒரே சாம்பல் நிறம். சுண்ணாம்பு படிந்த கட்டிகளும் எலும்பை அரித்த கட்டிகளும் மாத்திரமே தப்பித் தவறி அகப்பட்டன.

காற்று காட்டிய படம்

மூளையறைகளுக்குள் எதையாவது செலுத்தினால் அவற்றின் உருவம் கதிர்ப்படத்தில் தெரியும் என்று டான்டி யோசித்தார். கதிர்ப்படத்தில் வெண்மையாகத் தெரியக்கூடிய பல இரசாயனங்களை நாய்களில் பரிசோதித்தார். மூளை அவற்றைத் தாங்கவில்லை. விலங்குகள் இறந்தன.

அப்போதுதான் எல்லோர் கண்முன்னாலும் இருந்த ஒன்று அவருக்குத் தென்பட்டது. வயிற்றுக் கதிர்ப்படங்களில் குடலில் உள்ள வாயு கரும்படலமாகத் தெளிவாகத் தெரியும். அவருடைய பேராசிரியர் வில்லியம் ஹால்ஸ்டெட் இதை அடிக்கடி சுட்டிக்காட்டுபவர். குடல் ஓட்டையாகி வயிற்றுக்குள் காற்று கசிந்தால் அதுவும் படத்தில் விழும். அப்படியானால் மூளைநீரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காற்றையே நிரப்பினால் என்ன? காற்று நஞ்சல்ல. உடல் அதைத் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும்.

1918 ஜூலையில் அவருடைய கட்டுரை வெளியானது. முதலில் இந்தப் பரிசோதனைக்கு உள்ளானவர்கள் சிறுவர்களே. ஆறு மாதம் முதல் பன்னிரண்டு வயது வரையானவர்கள். பெரியவர்களுக்கு மண்டையோட்டில் துளையிட வேண்டும். சிசுக்களுக்கு அது தேவைப்படவில்லை. திறந்திருந்த உச்சிக்குழியின் ஓரத்தால் ஊசியைச் செலுத்தி, கொஞ்சம் நீரை எடுத்து, அதே அளவு காற்றைச் செலுத்தி, மீண்டும் எடுத்து, மீண்டும் செலுத்தினார். பின்னர் தலையைப் பல கோணங்களில் திருப்பிப் படமெடுத்தார். நோயை மறைத்த அதே மென்மையான இடம் நோயைக் காண்பதற்கான வாசலாக மாறியது.

படத்தில் மூளையறைகள் கரிய நிழல்களாக விழுந்தன. இரண்டு பக்க அறைகளும் சமமாக வீங்கியிருந்தால் அடைப்பு நடுவிலோ பின்னாலோ இருக்கிறது. காற்று எந்த இடத்தோடு நின்றுவிடுகிறதோ அதுவே அடைப்பு. ஒரு பக்க அறை நசுங்கி, நடுக்கோட்டைத் தாண்டி மற்றப் பக்கம் தள்ளப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்தில் கட்டி இருக்கிறது. கட்டியைக் காணாமலேயே, அது தள்ளிய அறைகளின் உருவத்தில் இருந்து கட்டியின் இருப்பிடத்தைச் சொல்ல முடிந்தது. வாய் திறந்து ஒரு சொல் சொல்லாத நோயாளியிடம் இருந்து மூளை தன் நிலையைச் சொன்ன முதல் சந்தர்ப்பம் அது என்று கூறலாம். அடுத்த ஆண்டு, முதுகுத்தண்டின் வழியாகக் காற்றைச் செலுத்தும் முறையையும் டான்டி வெளியிட்டார்.

குருவும் சீடனும்

மருத்துவ உலகம் வியந்தது. பொஸ்டனில் இருந்த குஷிங் வியக்கவில்லை. இந்த முறை ஆபத்தானது என்றார். நரம்புகளைப் பரிசோதித்து அறியும் கலையை இது மழுங்கடித்துவிடும் என்றும் கருதினார்.

அவருடைய கவலையில் உண்மை இல்லாமல் இல்லை. அமுக்கம் கூடிய மூளையில் இருந்து நீரை எடுப்பது அபாயம். அனுபவமற்றவர்கள் கையில் நோயாளிகள் இறந்ததும் உண்டு. காற்று ஏறிய பின்னர் வரும் தலைவலி கொடுமையானது. ஆனால் குஷிங்கின் கலைக்கு வேண்டியது ஒத்துழைக்கக்கூடிய நோயாளி. கையைத் தூக்கு, விரலை எண்ணு, எங்கே மரத்திருக்கிறது சொல் என்றால் செய்யக்கூடியவர். மடியில் கிடக்கும் சிசுவுக்கு அந்தக் கலையின் பாதி பயனற்றது. இந்த இடத்தில் சீடன் சரியாக இருந்தான்.

குஷிங்கின் பங்கையும் குறைத்துச் சொல்ல முடியாது. 1925இல் பெர்சிவல் பெய்லியுடன் சேர்ந்து அவர் விபரித்த மெடுலோபிளாஸ்டோமா என்ற கட்டி, பிள்ளைகளின் மூளி எனப்படும் சிறுமூளையில் வளரும் மிகக் கொடிய கட்டிகளில் ஒன்று. மூளையறையின் வழியை அடைத்து நீரைத் தேங்கவைக்கும் கட்டிகளில் முக்கியமானது அது. கட்டிகளுக்குப் பெயரும் குணமும் கண்டவர் குஷிங். அவை ஒளிந்திருக்கும் இடத்தைக் காட்டும் வழியைக் கண்டவர் டான்டி. பிள்ளைகளுக்கு இருவரும் தேவைப்பட்டார்கள். அந்த இருவராலும் ஒருவரையொருவர் சகிக்க முடியவில்லை. 1922இல், செவிநரம்புக் கட்டியை முழுமையாக அகற்றலாம் என்று டான்டி எழுதியபோது, தன் பழைய பணியைக் குறிப்பிடவில்லை என்று குஷிங் சினந்து கடிதம் எழுதினார். அதன் பின் உறவு முற்றாக முறிந்தது.

தோல்விகளின் கணக்கு

டான்டியின் கதையை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. அடைப்பைக் கண்டுபிடிப்பது ஒன்று. அதைத் தீர்ப்பது வேறு. 1918இல் மூளைநீரைச் சுரக்கும் திசுவையே வெட்டி அகற்றும் சத்திரசிகிச்சையை நான்கு சிசுக்களுக்குச் செய்தார். மூவர் இறந்தனர். அந்த எண்ணிக்கையை அவர் மறைக்காமல் பிரசுரித்தார். 1922இல் மூளையறைக்குள் குழாய் வடிவமான ஒளிக்கருவியைச் செலுத்தி உள்ளே நேரில் பார்க்க முயன்றார். அதே ஆண்டில் மூன்றாவது அறையின் அடித்தளத்தில் துளையிட்டு, தேங்கிய நீருக்கு மாற்று வழி திறக்கும் முறையையும் விபரித்தார்.

இந்த யோசனைகளுக்கு அன்றைய கருவிகள் ஈடுகொடுக்கவில்லை. 1950களில் நீரை வடித்து வெளியேற்றும் வால்வுக் குழாய்கள் வந்தபோது டான்டியின் முறைகள் கைவிடப்பட்டன. ஆனால் அவை அழிந்துபோகவில்லை. நுண்ணிய ஒளிக்கருவிகள் வந்த பின்னர், மூன்றாவது அறையில் துளையிடும் முறை உலகெங்கும் மீண்டும் வழக்கத்துக்கு வந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், உகண்டாவின் ம்பாலே நகரில் பெஞ்சமின் வோர்ஃப் என்ற அமெரிக்க வைத்தியர், அந்த முறையோடு நீர்சுரக்கும் திசுவைச் சுட்டு அழிக்கும் முறையையும் இணைத்து நூற்றுக்கணக்கான சிசுக்களுக்குச் சிகிச்சையளித்தார். குழாய் அடைபட்டால் ஓடி வருவதற்கு வைத்தியசாலை அருகில் இல்லாத கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது உயிர் கொடுத்தது. பால்டிமோரில் மூன்று சிசுக்களின் மரணத்தோடு தொடங்கிய வழி, எண்பது ஆண்டுகளின் பின் ஆபிரிக்காவில் பயன் கண்டது.

கோபக்காரரும் கொடையாளியும்

டான்டியோடு வேலை செய்வது இலகுவாக இருக்கவில்லை. சத்திரசிகிச்சைக் கூடத்தில் தவறு நடந்தால் சீறுவார். கருவிகளை வீசியதும் உண்டு. அவருடைய குழுவில் பயிற்சி முடித்தவர்கள் குறைவு. முடித்தவர்கள் கடைசிவரை அவரை மதித்தார்கள். ஆசிரியர்களிடமும் மதகுருமாரிடமும் சக வைத்தியர்களிடமும் ஏழைகளிடமும் அவர் கட்டணம் வாங்கவில்லை.

1923இல், மூளைச் சத்திரசிகிச்சைக்கு உள்ளானவர்களை இடைவிடாது கவனிப்பதற்காக மூன்று கட்டில்களைக் கொண்ட தனிப் பிரிவொன்றை ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் ஏற்படுத்தினார். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் முன்னோடிகளில் ஒன்றாக அது கருதப்படுகிறது. 1937இல், மூளையின் இரத்தக்குழாயில் பலூன் போல வீங்கிய இடத்தைக் கிளிப் போட்டு அடைக்கும் சத்திரசிகிச்சையை முதன்முதலில் செய்தார். பேஸ்போல் வீரர்களின் தொப்பிக்குள் வைக்கும் தலைக்காப்பை வடிவமைப்பதிலும் அவருக்குப் பங்குண்டு. 1924இல் சேடி மார்ட்டினை மணந்தார். நான்கு பிள்ளைகள். வெளியூர் மாநாடுகளைவிட வீட்டிலும் வைத்தியசாலையிலும் இருப்பதையே விரும்பினார்.

1946 ஏப்ரல் 19ஆம் திகதி, 60 வயது நிறைந்து இரண்டு வாரங்கள்கூடக் கடக்காத நிலையில், தான் வாழ்நாள் முழுவதும் உழைத்த அதே வைத்தியசாலையில் மாரடைப்பால் காலமானார்.

இயந்திரம் மாறியது, காலதாமதம் மாறவில்லை

டான்டியின் காற்றுப் படம் அரை நூற்றாண்டுக்கு மேல் பயன்பட்டது. 1971 ஒக்டோபரில் லண்டனில் முதல் நோயாளிக்குச் சி.ரி. ஸ்கான் எடுக்கப்பட்டதும் அதன் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது. ஊசியும் காற்றும் கொடிய தலைவலியும் இன்று இல்லை. உச்சிக்குழி திறந்திருக்கும் சிசுவுக்கு, அதன் மேலே கருவியை வைத்து வலியின்றி அல்ட்ராசவுண்ட் பரிசோதனை செய்யலாம். எம்.ஆர்.ஐ. இயந்திரம் சில மில்லிமீற்றர் கட்டியையும் காட்டும்.

ஆனால் இயந்திரத்துக்குள் குழந்தை போக வேண்டும் என்று யாராவது முதலில் சந்தேகிக்க வேண்டும். தாமதம் அங்கேதான் இன்னமும் நடக்கிறது. பிரித்தானியாவில் இதைக் குறைப்பதற்காக 2011இல் ஹெட்ஸ்மார்ட் என்ற விழிப்புணர்வு இயக்கத்தைத் தொடங்கினார்கள். அறிகுறிகளைப் பெற்றோருக்கும் வைத்தியர்களுக்கும் எளிய அட்டையில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். முதல் அறிகுறிக்கும் நோய் கண்டறியப்படுவதற்கும் இடையிலான காலம் சில ஆண்டுகளில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அதற்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. கவனம் மட்டும் தேவைப்பட்டது.

எவற்றைக் கவனிக்க வேண்டும்? முதலாவது, தலையின் சுற்றளவு. பிறக்கும்போது ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர் இருக்கும் தலை, முதல் மூன்று மாதங்களில் மாதத்துக்கு 2 சென்ரிமீற்றர் அளவிலும், அடுத்த மூன்று மாதங்களில் மாதத்துக்கு 1 சென்ரிமீற்றர் அளவிலும், பின்னர் அதிலும் மெதுவாகவும் வளரும். பெரிய தலை சில குடும்பங்களின் வாகு. அது பயப்பட வேண்டியதல்ல. ஒரு கோட்டின் வழியே வளர்ந்துவந்த தலை, திடீரென்று மேலுள்ள கோடுகளைத் தாண்டி ஏறுவதுதான் எச்சரிக்கை. ஒரு தடவை அளப்பதால் இது தெரியாது. ஒவ்வொரு முறையும் அளந்து குறித்து வந்தால்தான் தெரியும்.

இரண்டாவது, குழந்தை அழாமல் நிமிர்ந்திருக்கும்போதும் உச்சிக்குழி இறுகிப் புடைத்திருப்பது. மூன்றாவது, காய்ச்சலோ வயிற்றோட்டமோ இல்லாமல் நாட்கணக்கில் தொடரும் வாந்தி, குறிப்பாகத் தூங்கி எழுந்ததும் வருவது. நான்காவது, கண்கள். கருமணி கீழே இறங்கி மேலே வெண்விழி தெரிவது, புதிதாகத் தோன்றும் மாறுகண், விழிகள் தாமாகவே ஆடுவது, முகத்தைப் பார்த்துச் சிரித்த குழந்தை இப்போது பார்க்காமல் இருப்பது. ஐந்தாவது, கற்றதை இழப்பது. தலை நின்ற பிள்ளையின் தலை மீண்டும் துவள்வதும், உட்கார்ந்த பிள்ளை உட்கார முடியாமல் போவதும், ஒரு கையை மட்டும் பாவிப்பதும் ஒருபோதும் அலட்சியம் செய்யக்கூடியவை அல்ல. கழுத்தை எப்போதும் ஒரு பக்கம் சரித்து வைத்திருப்பதும், காரணமில்லாத மந்தமும், வலிப்பும் இவற்றோடு சேரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பார்ப்பவரை ஏமாற்றும் அறிகுறி அது. மூளையின் அடிப்பகுதியில் உண்டாகும் சில கட்டிகளால், குழந்தை நன்றாகப் பால் குடித்தும் எலும்பும் தோலுமாக மெலிந்துபோகும். ஆனால் முகம் தெளிவாக, துருதுருவென்று, மகிழ்ச்சியாகவே இருக்கும். 1951இல் ரசல் என்ற வைத்தியர் இதை விபரித்தார். சிரிக்கிற பிள்ளைக்கு மூளையில் கட்டி இருக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்?

வாந்தியெடுக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு மூளைக்கட்டி கிடையாது. சிசுக்களில் மூளைக்கட்டி அரிதான நோய். ஒரு அறிகுறி தனியே வந்து போவதற்காகப் பதற வேண்டியதில்லை. ஆனால் இரண்டு மூன்று சேர்ந்து வருவதும், மருந்து கொடுத்தும் மாறாமல் நீடிப்பதும், நாளுக்கு நாள் கூடுவதும் வேறு கதை. அப்போது தலையை அளந்து பாருங்கள், உச்சிக்குழியைத் தொட்டுப் பாருங்கள் என்று வைத்தியரிடம் கேட்பது பெற்றோரின் உரிமை. இரண்டாவது முறை, மூன்றாவது முறை திரும்பிப் போவதிலும் வெட்கம் இல்லை.

தன் பிள்ளை முன்பு போல இல்லை என்பது பெரும்பாலும் முதலில் தெரிவது தாய்க்குத்தான். அவரால் காரணம் சொல்ல முடியாமல் இருக்கலாம். கேர்ஷ்வினிடம் காரணமெல்லாம் இருந்தது, கேட்டவர்கள்தான் நம்பவில்லை. பெருத்த தலையைக் கண்டு கைவிரித்த ஒரு காலத்தில், இதற்குள் என்ன அடைத்துக்கொண்டிருக்கிறது என்று வேலையும் பதவியும் நிச்சயமில்லாத ஓர் இளைஞர் கேட்டார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் சிசுவைக் காப்பாற்றுவது அதே கேள்விதான். அதைக் கேட்பதற்கு ஓர் அளவுநாடாவும், தாயின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கும் பொறுமையும் போதும்.